திட்டத் தெரியாதவள்

கடையில் கூட்டம் குறைகிற நேரம் பார்த்து யாராவது கேட்டுவிடுகிறார்கள். "ஏங்க, அந்தத் திட்டுற பொண்ணு உங்க எதுருலதான குடியிருந்துச்சி? வூட்லயும் அப்படித்தான் கத்துமா?" இல்லை என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. பழகின தோஷத்துக்கு நான் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சர்க்கரைப் பையை முடிந்தபடி போய்விடுகிறார்கள். ரேஷன் கடையில் பில் போடுகிறவளுக்கு நின்று விளக்கம் சொல்ல எங்கே நேரம்? அதனால் இங்கே எழுதுகிறேன். அவள் பெயரை எழுத மாட்டேன். சேனலின் பெயரையும் எழுத மாட்டேன். எழுதினால் உடனே போனை எடுத்துத் தேடுவீர்கள், தேடினால் அவள் கத்துவதுதான் கிடைக்கும். நான் சொல்லப்போவது கத்தவே தெரியாத ஒரு பெண்ணைப் பற்றி.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி, புதிதாக மனை போட்டு வீடுகள் முளைத்த தெரு எங்களுடையது. எதிர் வீட்டு மாடிக்கு அவள் குடிவந்தாள். வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தார், லீவு கிடைத்தால் வருவார். மற்ற நாளெல்லாம் அவள் தனியாகத்தான் இருந்தாள். அவள் வாயில் எப்போதும் ஒரே ஒரு சொல் தயாராக இருக்கும். "பரவால்லங்க."

பால்காரர் தண்ணீர் கலந்தால் பரவால்லங்க. ஆட்டோக்காரர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வர ஊரில் இல்லாத ரேட்டைக் கேட்டால் பரவால்லங்க. ஒருமுறை தையல்காரர் அவள் ஜாக்கெட்டை ஒரு சுற்று சின்னதாகத் தைத்துவிட்டார். கைகூட நுழையவில்லை. அவள் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "பரவால்லண்ணே, நான் கொஞ்சம் இளைச்சிடுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கூடப் போன நான் விடுவேனா? நான் திரும்பிப் போய் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டு, துணிக்குத் துணி வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அவள் தெருமுனையில் நடுங்கிக்கொண்டு நின்றாள். சண்டை நடந்தால் அவளுக்கு நிஜமாகவே கை நடுங்கும்.

தண்ணி லாரி வந்த நாள்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வரிசையில் அவள் குடம் முன்னால் இருந்தது. லாரிக்காரன் ஓஸ் பைப்பை அவளைத் தாண்டி நீட்டி, தெரிந்த வீட்டு டிரம்மில் சொருகினான். அவள் வழக்கம்போல நகர்ந்து நின்றாள். நான் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்கவில்லை.

"ஏம்பா, பச்சைப் புள்ள மாதிரி ஒரு பொண்ணு குடத்த வச்சிக்கினு நிக்குதே, தெரியல? கண்ண கழட்டி எங்க வச்சிட்டு வந்த? லாரி டேஷ்போர்டுலயா, உம் பொண்டாட்டி மணிபர்சுலயா?"

தெருவே சிரித்தது. லாரிக்காரனும் சிரித்தான். "இந்தம்மா வாய்க்கு பயந்தே லாரிய ரிவர்ஸ் எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவள் குடத்தை முதலில் நிரப்பினான். சாயந்திரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கிண்ணத்தில் கேசரி.

"அக்கா, காலைல சொன்னீங்களே, கண்ண கழட்டி எங்க வச்சன்னு. அத இன்னொரு வாட்டி சொல்லுங்களேன்."

"எதுக்கு?"

"எனக்கு வாயே வர மாட்டுது. கேட்டா ஆசையா இருக்குது."

அப்போதே அவள் சேனல் வைத்திருந்தாள். சாம்பார் வைப்பது, கோலம் போடுவது என்று சின்னக் குரலில் பேசுவாள். அதை அவள் வீட்டுக்காரரும் நானும்தான் பார்த்தோம். நான் பாதியில் தூங்கிவிடுவேன். தண்ணி லாரிக்குப் பிறகு வந்த பௌர்ணமியில், கிரிவலப் பாதையில் அன்னதானம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் பாக்குமட்டைத் தட்டையும் டம்ளரையும் ரோடெல்லாம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் என்னுடைய பழைய பச்சை நூல் புடவை ஒன்றை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் இழுத்துச் சொருகி, அகலமாக ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, அந்தத் தட்டுகளுக்கு நடுவில் நின்று என்னைப் போலவே திட்டினாள். என் இழுப்பு, என் கை வீச்சு, என் "கண்ண கழட்டி எங்க வச்ச?" எல்லாம் அப்படியே இருந்தது. பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டே நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. கடையில் வரிசையில் நின்றவர் போனில் என் வசனத்தை எனக்கே போட்டுக் காட்டினார்.

அதன் பிறகு சாம்பாரும் கோலமும் போயே போய்விட்டன. ஊர் அவளிடம் திட்டத்தான் கேட்டது.

ஆனால் அவள் எப்படித் திட்டினாள் என்பதைச் சொல்ல வேண்டும். இதைத்தான் ஒருவரும் நம்புவதில்லை. அனுமதி கேட்டுக்கொண்டுதான் திட்டுவாள். செங்கம் ரோட்டில் டீக்கடை வைத்திருந்தவரிடம் முதல் நாளே போய், தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, நாளைக்கு உங்கள ஒரு ரெண்டு நிமிஷம் திட்டிக்கட்டுமா? கிளாசு சரியா கழுவறதில்லன்னு சொல்றேன். நீங்க நல்லாத்தான் கழுவறீங்க, எனக்குத் தெரியும்" என்பாள். மறுநாள் கிழிகிழியென்று கிழிப்பாள். வீடியோ முடிந்ததும் பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்து, "மனசுல வச்சிக்காதீங்கண்ணே" என்பாள். அவருக்கு என்ன மனசில் வைக்க இருக்கிறது? திட்டு வாங்கின கடையைப் பார்க்க என்றே ஜனங்கள் வந்து டீ குடித்தார்கள். கடைசியில் கடைக்காரர்களே போன் போட்டு, "எங்க கடைய எப்ப திட்டுவ, பொண்ணு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அரை டிராயர் போட்டுக்கொண்டு திரிந்த ஒரு வெள்ளைக்காரரிடமும் சைகையிலேயே அனுமதி வாங்கித் திட்டினாள். அவர் அதை ஆசீர்வாதம் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

திட்டிப் பழகுவதற்கு அவளுக்கு மிக்சி வேண்டும். மிக்சியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் கத்திப் பார்ப்பாள். சட்னி அரைபட்டு மிக்சி நின்ற பிறகும் ஒன்றிரண்டு வார்த்தை வெளியே வந்துவிடும். எதிர் வீட்டில் நான் சிரித்துக்கொள்வேன். தொண்டை கட்டிக்கொண்டு அடுத்த நாள் சித்தரத்தை கேட்டு வருவாள். "வேற வேல ஏதாச்சும் பாக்கக் கூடாதா?" என்று நான் கேட்டால், "இதுவரைக்கும் யாரும் என்னை திரும்பிப் பாத்ததில்லக்கா" என்பாள். அது உண்மைதான். அவள் வந்தாலும் போனாலும் ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஒரு பெண்.

பிறகு, வீடியோவில் திட்டுகிற அந்தப் பொட்டுக்காரியை வெளியிலும் கட்டிக்காக்கிற பாடு தொடங்கியது. வெளியே அவள் சிரிக்கக் கூடாது. மார்க்கெட்டில் யாராவது போனைத் தூக்கிவிட்டால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு நானும் அவளும் போனோம். மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவளைச் சாப்பிடவிடவில்லை. மாப்பிள்ளையை மேடையிலேயே திட்டச் சொன்னார்கள். இலையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, அவள் மேடையில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு அப்பளக் கம்பெனிக்காரர் வந்து, வேறு அப்பளம் வாங்குகிறவர்களைத் திட்டச் சொன்னார். அதையும் செய்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். அவள் தன்னையே வேறொரு ஆளாகச் சொல்லத் தொடங்கியிருந்தாள். ஐஸ்கிரீம் சாப்பிடலாம் வா என்றால், "அவ ஐஸ்கிரீம்லாம் சாப்புட மாட்டாக்கா, யாராவது பாத்தா அசிங்கம்" என்பாள். புதிதாக ஒரு ரோஸ் சுடிதார் எடுத்துக் கொடுத்தேன். தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "அவளுக்கு இது செட்டாவாதுக்கா" என்று மடித்து வைத்துவிட்டாள். எனக்குச் சரியாகப் படவில்லை. "அவ யாருடி? நீ யாரு?" என்று அதட்டினேன். அதற்கும் பரவால்லக்கா என்றுதான் சொன்னாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்து அவளுக்காகச் சண்டை போட்டது. கோயில் வழக்கத்தைக் காப்பாற்ற வந்தவள் என்று ஒரு கூட்டம். வயிற்றுப் பிழைப்புக்காரர்களை அதட்ட இவள் யார் என்று ஒரு கூட்டம். இரண்டு கூட்டமும் மோத மோத, பார்க்கிறவர்கள் ஜாஸ்தியாகிக்கொண்டே போனார்கள். வருகிற வசவுகளையெல்லாம் ஒன்று விடாமல் படித்து, படித்துவிட்டு அழுவாள். படிக்காதே என்றால் கேட்க மாட்டாள்.

அவளைக் கவிழ்த்தது வசவு இல்லை. முறுக்குதான். பூக்கடை அம்மாளைத் திட்டி முடித்துவிட்டு, அவர் கையில் முறுக்கைக் கொடுத்து, இரண்டு பேரும் தோளில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்ததை யாரோ தூரத்திலிருந்து படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். 'எல்லாம் செட்டப்பு' என்று பெயர் வைத்தார்கள். அவள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதுவே மோசடியாகிப் போனது. ஏமாற்றுக்காரி, நாடகக்காரி என்று எழுதினார்கள். அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பத்துப் பேர் கவனித்த முகம் மறுபடி யாருக்கும் தெரியாத முகமாகிவிடும் என்கிற பயம் அவளுக்கு. அந்தப் பயத்தை நான் பார்த்தேன், கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு, செட்டப் இல்லை என்று காட்ட, கிரிவலப் பாதையிலிருந்து லைவ் போட்டாள். முன்பின் தெரியாத கூட்டம். யாரிடம் போய்த் திட்டிக்கட்டுமா என்று கேட்பது? பகல் வெயில் இறங்காத நேரம். நான் கடையில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையே சாமி என்பதால் இங்கே வெறுங்காலோடுதான் சுற்றுவார்கள். பாதையோரத்து நிருதி லிங்கக் கோயிலுக்குப் பக்கத்தில் வயதான ஒரு அம்மா காலில் கறுப்புச் செருப்போடு மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் முன்னால் அவள் போய் நின்றாள்.

"ஏம்மா, மலைய சுத்த வந்தியா, மார்க்கெட்டுக்கு வந்தியா? சாமி மேலயே செருப்பு போட்டுக்கினு நடக்கிறியே, கண்ண கழட்டி எங்க வச்ச?"

"இல்லம்மா, காலு…"

"ஊருல யாருக்கும் இல்லாத காலா உங்காலு? நடக்க முடியலன்னா வூட்ல குந்திக்கினு கும்புடு, சாமி வேணாம்னா சொல்லும்?"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்த அம்மா குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கொதிக்கிற தார் ரோட்டில் நடந்து போனார். அவர் போவதைக் கடைசிவரை காட்டினாள். செட்டப் என்று சொன்ன வாயெல்லாம் அன்றைக்கு அடைத்துப்போயின. அவள் வீடியோக்களிலேயே அதைப் போல் எதுவும் ஓடவில்லை.

என் புடவை, என் வாய். அதற்காகப் பழியை என் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிற ஆள் நான் இல்லை. நான் திட்டினால் எதிரில் இருப்பவரும் திட்டுவார், அதோடு முடிந்தது. மறுநாள் அவரே வந்து பாமாயில் வாங்கிக்கொண்டு போவார். திருப்பித் திட்ட முடியாத இடத்தில் ஒருவரை நிறுத்தி நான் ஒருநாளும் திட்டினதில்லை. இதை அவளிடம் அன்றைக்கே சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "முறுக்கு எடுத்துக்கினுதான் போனேன்க்கா. கூட்டத்துல அவங்கள காணோம்" என்றாள். பொட்டலம் உடையாமல் அவள் பையிலேயே இருந்தது.

பிறகு ஒருநாள் அரிசி வாங்க வந்த ஒரு பெண் என்னிடம் சொன்னாள். "செருப்பு வீடியோவுல வந்தாங்கல்ல, அது எங்க நாத்தனாருங்க. சக்கர ஜாஸ்தி. பாதத்துல சூடு பட்டாலும் தெரியாது அவங்களுக்கு. செருப்பில்லாம ஒரு அடி வைக்கக் கூடாதுன்னு டாக்டரு சொன்னதுதான். மிச்சத்தூரமும் வெறுங்கால்லயே போயிட்டாங்க. வெந்து, புண்ணாயி, ரெண்டு விரல எடுத்துட்டாங்க." திட்டுகிற குரலில் இல்லை, மழை வந்தது போயிற்று என்பது போலத்தான் சொன்னாள்.

இதை நான் அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இது அவளுக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை என்று தோன்றியது. சொன்னேன். அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். 'அவ' என்று பொட்டுக்காரி மேல் போட்டுப் பேசவில்லை. "நான் இன்னாக்கா பண்ணிட்டேன்" என்று கேட்டாள். அவள் வாயில் நான் என்ற சொல்லைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

அன்றைக்கே மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டாள். பொட்டு இல்லாமல், தன் சொந்தக் குரலில், மூக்கு ஒழுக ஒழுக. அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகளாக வந்து குவிந்தன. அக்கா ஆக்டிங் சூப்பர் என்றார்கள். இந்த கெட்டப் நல்லாருக்கு, இதையே கன்டினியூ பண்ணுங்க என்றார்கள். அவள் அழுகிற சத்தத்தை வெட்டி எடுத்து, கிரிக்கெட்டில் தோற்ற அணிக்குப் போட்டுச் சிரித்தார்கள். எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரு பெண் நிஜமாக அழுவதைப் பார்த்து, அழுகை என்று ஒருவருக்கும் தெரியவில்லையே.

சேனலையே எடுத்துவிட்டாள். ஆனால் அவள் எடுத்ததால் என்ன, மற்றவர்கள் போனில் எல்லாம் இருந்தது. கொஞ்ச நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூருக்கே போய்விட்டாள். அங்கேயும் பஸ்சில் யாரோ அவள் குரலைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம், பாதி வழியில் இறங்கிவிட்டேன் என்று போனில் சொன்னாள். இப்போது அவள் போனும் எடுப்பதில்லை. திட்டத் தெரியாத ஒருத்தி, ஊரிலேயே கொடுமைக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு போனாள்.

போவதற்கு முன்னால் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தம்மாவ நேர்ல பாக்கணும்க்கா. அவங்க ஒரு வார்த்த பரவால்லன்னு சொல்லிட்டா போதும்." அவள் எத்தனை பேருக்கு அந்த வார்த்தையைச் சும்மா கொடுத்திருக்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு தரம் வேண்டியிருந்தது. அரிசி வாங்க வந்த பெண்ணிடம் ஊரைக் கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவலூர்ப்பேட்டை பஸ்சில் இரண்டு பேரும் போனோம். அவள் ரோஸ் சுடிதார் போட்டிருந்தாள். நெற்றியில் கடுகளவு பொட்டு.

அந்த அம்மா வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காலில் கட்டு. கட்டின் மேலேயே மாட்டுகிற மாதிரி பட்டை வைத்த செருப்பு. எழுந்திருக்கப் பார்த்தார், நான் தடுத்து உட்கார வைத்தேன்.

"வாங்கம்மா. யாருன்னு தெரியலியே."

அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டாள். "நான்தான்ம்மா. அன்னிக்கி மலை சுத்தறப்ப உங்கள… செருப்புக்காக திட்டினது நான்தான். தெரியாம பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடுங்கம்மா."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நீ இல்ல கண்ணு. அவ வேற பொண்ணு. நல்லா ஒசரமா, பெருசா பொட்டு வச்சிக்கினு இருந்தா. நீ யாரோ நல்ல வூட்டுப் பொண்ணு மாதிரி இருக்கிற. அவ அனுப்புனாளா உன்ன?"

"இல்லம்மா, நான்தான்."

"அவளுக்காக நீ ஏம்மா வந்து அழுவுற? அவ செஞ்சதுக்கு அவ வந்து சொல்லட்டும். உன் மேல எனக்கு இன்னா கோவம்? தண்ணி குடிக்கிறியா?"

நானும் சொல்லிப் பார்த்தேன். என்னையும் அவர் நம்பவில்லை. அவள் போனில் தன் பழைய படத்தைத் தேடினாள், எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தாள்; மற்றவர்கள் போட்டதைத் தேடி எடுக்கலாம் என்றால் அந்த வீட்டுக்குள் என் போனுக்கும் டவர் கிடைக்கவில்லை. போனைத் தரையில் வைத்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது எனக்கு ஒரு நொடி முன்னால் புரிந்தது. வேண்டாம் என்று தோளைப் பிடித்தேன். அதற்குள் அவள் நிமிர்ந்து, அந்தக் குரலை எடுத்துவிட்டாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது, குரல் நடுங்கவில்லை.

"ஏம்மா, மலைய சுத்த வந்தியா, மார்க்கெட்டுக்கு வந்தியா? சாமி மேலயே செருப்பு போட்டுக்கினு நடக்கிறியே…"

அந்த அம்மாவின் மடியிலிருந்த முறம் சரிந்து அவரைக்காய் தரையெல்லாம் சிதறியது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவசர அவசரமாகக் குனிந்து, கட்டுப் போட்ட காலிலிருந்து பட்டையைப் பிரித்து, செருப்பைக் கழற்றித் தள்ளிவைத்தார். இன்னொரு காலிலிருந்ததையும் கழற்றினார். கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீதானா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அந்த அம்மாதான் மெல்லக் கேட்டார்.

"டாக்டரு கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா. போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கங்கம்மா, நல்லா போட்டுக்கங்க" என்றேன் நான். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவள் சொல்லட்டும் என்று, அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.